விலையும் பொறுப்பும்: ஓர் ஆட்டக்காரருக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



2024 நவம்பரில் சவூதி அரேபியாவின் ஜெட்டா நகரில் ஐபிஎல் ஏலம் நடந்தது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த வேகப்பந்து வீச்சாளர் தங்கராசு நடராஜனை டெல்லி கேப்பிட்டல்ஸ் குழு 10.75 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அடிப்படை விலை 2 கோடி. அந்தச் செய்தி வந்த நாளில் நம் பக்கத்துத் தேநீர்க் கடைகளில் இரண்டு குரல்கள் கேட்டன. தறி ஓட்டியவர் மகனுக்கு இவ்வளவு கிடைத்ததே என்று பூரித்தது ஒரு குரல். ஓர் ஆட்டத்தில் நான்கு ஓவர் போடுவதற்கு இவ்வளவா என்று கேட்டது இன்னொரு குரல்.

இரண்டுமே நியாயமான குரல்கள். இரண்டாவது குரல் கேட்ட கேள்வியையே இன்றைய உரைக்குப் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு குழு தன் முதன்மை ஆட்டக்காரர் ஒருவருக்குப் பெருந்தொகை கொடுக்கலாமா? கொடுக்கலாம் என்றால் எப்போது, எதற்காக, எந்த அளவுக்கு? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெருந்தொகை கொடுப்பது தவறில்லை. அரிய திறனுக்கு அதைக் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் விலை சொல்லும்போதே குழு மூன்று பொறுப்புகளையும் சேர்த்து ஏற்கிறது: வாங்கியவருக்கு உரிய வேலையைக் கொடுப்பது, அவர் இல்லாத நாளிலும் குழு நிற்கும்படி அமைப்பது, அவரை வளர்த்த மண்ணுக்கு ஒரு பங்கு சேர்ப்பது. இந்த மூன்றும் இல்லாத இடத்தில் பெரிய விலை வீணாகப் போகிறது.

1. ஏலத்தில் விலை பிறக்கும் விதம்

பொருளாதாரம் படிக்கும் மாணவர்களுக்காக முதலில் கணக்கைப் பார்ப்போம். 2025 பருவத்துக்கு ஐபிஎல் குழு ஒவ்வொன்றும் தக்கவைப்பிலும் ஏலத்திலும் சேர்த்துச் செலவிடக்கூடிய தொகை 120 கோடி ரூபாய். அதற்குள் குறைந்தது 18 பேரை, அதிகம் போனால் 25 பேரைச் சேர்க்கலாம். உரிமையாளர் எத்தனை பெரிய செல்வந்தராக இருந்தாலும் 121-ஆவது கோடியைத் தொட முடியாது என்பதுதான் அந்தப் பருவத்தின் விதி. ஆகவே, "அவர்களிடம் பணம் இருக்கிறது, கொடுக்கிறார்கள்" என்று நாம் சொல்வது பொருந்தாது. ஒருவருக்குக் கூடுதலாகப் போகும் ஒவ்வொரு ரூபாயும் அதே குழுவில் இன்னொருவரின் இடத்திலிருந்து எடுக்கப்படுகிறது. ரிஷப் பந்தை லக்னோ 27 கோடிக்கு எடுத்தபோது மொத்தத் தொகையில் 22.5 விழுக்காடு ஒரே ஆளுக்குப் போயிற்று. மற்ற அனைவருக்கும் சேர்த்து மிஞ்சியது 93 கோடி.

இந்த விலை ஆட்டக்காரரின் திறனை அளந்து வைத்த விலையா என்றால், முழுக்க அப்படி இல்லை. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் தறிப் பட்டறை நடத்துகிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும். ஆள் தட்டுப்பாடான நாளில் ஓட்டத் தெரிந்த ஒருவருக்கு எவ்வளவு முன்பணம் கொடுப்பது என்பதை அவர் நெய்யும் மீட்டர் மட்டும் தீர்மானிப்பதில்லை. பக்கத்துப் பட்டறைக்காரர் எவ்வளவு கொடுக்கத் தயார் என்பதும் தீர்மானிக்கிறது. ஏலமும் அப்படித்தான். ஒரே ஆள்மேல் இரண்டு குழுக்கள் கண் வைத்தால் விலை ஏறும். ஒரு குழு மட்டும் கையைத் தூக்கினால் அதே ஆள் அடிப்படை விலைக்குப் போவார். இரண்டாவதாக நின்று விட்டுக்கொடுத்த குழுவின் பையில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்பதுதான் பல நேரங்களில் ஓர் ஆட்டக்காரரின் விலை.

ஆகையால் விலை குறைந்தவரைத் திறன் குறைந்தவர் என்றோ, விலை கூடியவரை எல்லாரிலும் மேலானவர் என்றோ நாம் எண்ணக் கூடாது. 2023-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் முதன்முறையாக ஏலம் நடத்தியபோது சாய் சுதர்சனைக் கோவை குழு 21.6 லட்சத்துக்கு எடுத்தது. அதே நேரத்தில் ஐபிஎல்லில் குஜராத் குழு அவருக்கு நிர்ணயித்திருந்த தொகை 20 லட்சம். உலகின் மிகப் பணக்காரக் கிரிக்கெட் லீகில் கிடைத்ததைவிட மாநில லீகில் கூடுதலாகப் பெற்ற அந்த இளைஞர்தான் 2025 ஐபிஎல்லில் 759 ஓட்டங்கள் குவித்து, எல்லாரையும்விட அதிக ஓட்டம் எடுத்தவராக நின்றார்.

2. மூன்று வேலைக்கு ஒரு சம்பளம்

பெருந்தொகை பலன் தந்ததற்கு நம் வீட்டுக்குள்ளேயே சான்று இருக்கிறது. 2008-இல் முதல் ஐபிஎல் ஏலத்தில் ஒவ்வொரு குழுவுக்கும் 50 லட்சம் டாலர் வரம்பு. சங்ககிரியில் சிமெண்ட் ஆலை நடத்திவந்த இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்தின் சென்னை சூப்பர் கிங்ஸ், மகேந்திர சிங் தோனிக்கு 15 லட்சம் டாலர் கொடுத்தது. கையிருப்பில் 30 விழுக்காடு ஒரே ஆளுக்கு! அன்று அதைத் துணிச்சல் என்று பாராட்டியவர்களும் உண்டு, அவசரம் என்று குறை சொன்னவர்களும் உண்டு.

அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. மும்பைக்குச் சச்சின், பெங்களூருக்கு டிராவிட், கொல்கத்தாவுக்குக் கங்குலி என்று சில குழுக்களுக்கு ஊர் அடையாளமான 'ஐகான்' வீரர்கள் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருந்தார்கள். குழுவில் மிக அதிக விலை போனவரைவிட 15 விழுக்காடு கூடுதலாக ஐகான் வீரருக்குக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அந்தக் குழுக்கள் தோனிக்கு 15 லட்சம் கொடுத்தால், ஐகான் வீரருக்கு 17.25 லட்சம் தனியாக எடுத்து வைக்க வேண்டும். இருவருக்கும் சேர்த்துக் கையிருப்பில் பாதிக்கு மேல் போய்விடும். சென்னைக்கு ஐகான் வீரர் கிடையாது. மற்றவர்களின் கை கட்டப்பட்ட இடத்தில் சென்னையின் கை மட்டும் அவிழ்ந்திருந்தது.

இன்னொரு கணக்கும் உண்டு. தோனி விக்கெட் கீப்பர், அணித்தலைவர், கடைசி ஓவர்களில் ஆட்டத்தை முடித்துக் கொடுக்கும் மட்டையாளர். மூன்று பேருக்குக் கொடுக்க வேண்டியதை ஒருவருக்குக் கொடுத்ததோடு, பதினொரு பேர் ஆடும் ஆட்டத்தில் இரண்டு இடங்களையும் மிச்சப்படுத்தினார்கள். 2010, 2011, 2018, 2021, 2023 என ஐந்து கோப்பைகள் அந்த முடிவுக்கு விடை சொல்லிவிட்டன.

அதே 2008-இன் இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு இறுதி ஆட்டத்தில் சென்னையைத் தோற்கடித்துக் கோப்பையை எடுத்தது ராஜஸ்தான் ராயல்ஸ். எட்டுக் குழுக்களில் ஏலத்தில் மிகக் குறைவாகச் செலவழித்த குழு அது. ஷேன் வார்ன் என்ற தலைவர், பெயர் தெரியாத இளைஞர்கள், அவரவருக்கு இன்ன வேலை என்ற தெளிவு. இவ்வளவுதான் அவர்களிடம் இருந்தது. விலை கொடுத்து வென்றவரும் உண்டு, கொடுக்காமல் வென்றவரும் உண்டு என்பதை முதல் ஆண்டே காட்டிவிட்டது.

3. நட்சத்திரம் இல்லாமல் எழுந்த குழு

கபடிக்கு வருகிறேன். பொங்கல் வந்தால் நம் மாவட்டங்களில் கபடி இல்லாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வெளியூரிலிருந்து பெயர்பெற்ற ஓர் ஆட்டக்காரரை வண்டிச் செலவும் சாப்பாடும் கைக்காசும் கொடுத்து அழைத்து வருவது ஊர்க்குழுக்களுக்குப் புதிதும் இல்லை. 'ஓர் ஆளுக்கு இவ்வளவா?' என்ற சண்டை ஐபிஎல்லுக்கு முன்பே நம் மந்தைகளில் நடந்திருக்கிறது.

2022-இல் புரோ கபடி ஒன்பதாம் பருவத்துக்கான ஏலத்தில் தமிழ் தலைவாஸ் குழு பவன் செராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தது. அது அந்த லீகில் அதுவரை எவரும் கண்டிராத விலை. குழுவின் மொத்த வரம்பு 4.4 கோடி, பாதிக்கு மேல் ஒருவருக்கே போயிற்று. அதற்குக் காரணமும் இருந்தது. தொடர்ந்து மூன்று பருவங்களில் ரைடு புள்ளிகளில் முதலிடம் பிடித்தவர் அவர். ஆறாம் பருவத்தின் இறுதி ஆட்டத்தில் தனியாளாக 22 புள்ளி எடுத்துப் பெங்களூருக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். தலைவாஸோ 2017-இல் தொடங்கியதிலிருந்து அடுத்த சுற்றின் வாசலையே பார்க்காத குழு. பசித்தவர் விலை பார்க்க மாட்டார் என்பதுபோல் கொடுத்தார்கள்.

அக்டோபரில் முதல் ஆட்டம். எதிரணி ரைடரைப் பிடிக்கப் போன இடத்தில் பவனின் முழங்கால் பிசகியது.  வெளியே கொண்டுபோனார்கள். அந்தப் பருவம் அவருக்கு அத்தோடு முடிந்தது. 2.26 கோடி பாய்க்கு வெளியே உட்கார்ந்துவிட்டது. தலைவாஸ் கதை முடிந்தது என்றே எல்லாரும் நினைத்தோம்.

நடந்தது வேறு. புதுமுகமாகச் சேர்ந்திருந்த நரேந்தர் என்ற இளைஞர் ரைடு பொறுப்பை ஏற்று, தன் முதல் பருவத்திலேயே 200 புள்ளிகளைத் தாண்டினார். அஜிங்கிய பவார் துணை நின்றார். சாகர், சாகில் குலியா இருவரும் இரண்டு மூலைகளிலும் நின்று பிடித்தார்கள். நடுவில் வந்து பொறுப்பேற்ற பயிற்சியாளர் அஷன் குமார் குழுவை மறுபடி கட்டினார். தலைவாஸ் தன் வரலாற்றில் முதன்முறையாக அரையிறுதிக்குப் போயிற்று. அங்கே புனே குழுவிடம் இரண்டே புள்ளியில் தோற்றது. அடுத்த ஆண்டு பவன் உடல் தேறி 2.605 கோடிக்குத் தெலுங்கு டைட்டன்ஸுக்குப் போனார். வரம்பு 5 கோடி. மறுபடியும் பாதிக்கு மேல். அவர் முழு மூச்சாக ஆடினார். ஆயினும் குழு கடைசி இடத்தில் முடித்தது.

இதைக் கொண்டு பவன் அந்த விலைக்கு உரியவர் இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அவர் தலைமுறையின் தலைசிறந்த ரைடர்களில் ஒருவர். கபடியின் இலக்கணமே இங்கே விடை தருகிறது. ரைடர் வெளியே போனால், அவரை மீட்டுக் கொண்டுவருவது பிடிப்பவர்களும் மற்ற ரைடர்களும் எடுக்கும் புள்ளி. ஏழு பேரில் பிடிக்கத் தெரிந்த நால்வர் இல்லையென்றால் எத்தனை பெரிய ரைடரும் பாய்க்கு வெளியே உட்கார்ந்து ஆட்டம் பார்க்க வேண்டியதுதான். அவரை உள்ளே கொண்டுவரும் ஆட்களுக்கான பணத்தையும் சேர்த்து அவருக்கே கொடுத்தால், அவருடைய திறனையே நாம் பூட்டி வைக்கிறோம்.

4. கடல் கடந்த கணக்குகள்

அமெரிக்கர்கள் தங்கள் கால்பந்தில் 'குவாட்டர்பேக்' என்று ஒருவரைச் சொல்வார்கள். ஏறக்குறைய ஒவ்வொரு தாக்குதலிலும் பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும். யாருக்கு வீசுவது, யாரிடம் கொடுப்பது, தானே ஓடுவதா என்பதைச் சில நொடிகளில் அவர்தான் முடிவு செய்ய வேண்டும். அங்கும் குழுக்களுக்கு ஊதிய வரம்பு உண்டு. 2024-இல் அது 25.54 கோடி டாலர். அந்த ஆண்டு டாலஸ் குழு தன் குவாட்டர்பேக் டாக் பிரெஸ்காட்டுக்கு ஆண்டுக்குச் சராசரி 6 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டது. அதே பருவத்தில் அவர் காயம்பட்டு வெளியேறினார். டாலஸ் வென்றதைவிடத் தோற்றது அதிகம்.

மறுபக்கம் கேன்சஸ் சிட்டி 2020-இல் பேட்ரிக் மகோம்ஸுடன் பத்து ஆண்டுகளுக்கு 45 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. இரண்டு ஆண்டு கழித்து, அவருடைய பந்தைப் பிடிப்பதில் பேர் போன டைரீக் ஹில்லை வேறு குழுவுக்கு விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாகக் கிடைத்த, புதுமுகங்களைக் குழுக்கள் முறைவைத்து எடுக்கும் ஆண்டுத் தேர்வின் வாய்ப்புகளில் இளைஞர்களைச் சேர்த்தது. 2023, 2024 பிப்ரவரிகளில் அடுத்தடுத்து இரண்டு கோப்பைகள் வந்தன. சான் பிரான்சிஸ்கோ குழு 2022 தேர்வில் கடைசி ஆளாக, 262-ஆவதாக எடுத்த பிராக் பர்டி, மிகக் குறைந்த சம்பளத்தில் அக்குழுவை 2024 இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். 2025-இல் அவருக்கு 26.5 கோடி டாலருக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம். மலிவாக இருந்தபோது அவரைச் சுற்றி நல்ல ஆட்களை வாங்க முடிந்தது. இனி அந்த வசதி குறையும். அதற்காக அவருக்கு உரியதைக் கொடுக்காமல் இருக்கவும் முடியாது. நியாயமும் இடநெருக்கடியும் மோதும் இடம் இதுதான்.

நம் ஊர்க் கணக்கோடு ஒட்டிய ஓர் ஒப்பீடு 2024 ஐபிஎல்லில் இருக்கிறது. கொல்கத்தா குழு மிட்செல் ஸ்டார்க்கை 24.75 கோடிக்கு எடுத்தது. முதல் இரண்டு ஆட்டங்களில் எட்டு ஓவர் போட்டு 100 ஓட்டம் கொடுத்தார், ஒரு விக்கெட்டும் இல்லை. பருவ முடிவில் அவர் கணக்கில் 17 விக்கெட். அதே பருவத்தில் 4 கோடிக்கு ஐதராபாத்தில் ஆடிய நம் நடராஜன் எடுத்தது 19 விக்கெட். எண்ணிக்கையை மட்டும் வைத்தால் ஆறில் ஒரு பங்கு விலைக்குக் கூடுதல் பலன். ஆனால் தகுதிச் சுற்றில் 34 ஓட்டத்துக்கு 3, சேப்பாக்கத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் 14 ஓட்டத்துக்கு 2 என்று, கோப்பையைத் தீர்மானித்த இரண்டு ஆட்டங்களிலும் ஆட்ட நாயகன் ஸ்டார்க்தான். இரண்டிலும் எதிரணி நடராஜனின் ஐதராபாத். பெரிய நாளில் பெரிய ஆட்டம் ஆடுவதும் ஒரு தனித் திறன். அதற்கும் விலை உண்டு என்பதை மறுக்க முடியாது.

5. ஒரு வாழ்க்கை, ஐந்து விலைகள்

இனி நடராஜனுக்கு வருவோம். ஒரே மனிதருக்கு ஏலச் சந்தை எத்தனை விலை சொல்லும் என்பதற்கு அவர் வாழ்க்கையே பாடம்.

1991-இல் பிறந்தவர். தந்தை தறி வேலை. தாயார் சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை நடத்தினார். இருபது வயது வரை டென்னிஸ் பந்து கிரிக்கெட்தான். அந்த ஆட்டத்தை இங்கே பலர் ஆடியிருப்பீர்கள். பந்து எடை இல்லாதது. தையல் இல்லை, ஆகவே காற்றில் பெரிதாக வளையாது. கொஞ்சம் தூக்கிப் போட்டாலும், கொஞ்சம் முன்னால் குத்தினாலும் எல்லைக்கு வெளியே கிணற்றடியில்தான் போய் எடுக்க வேண்டும். பந்து வீசுகிறவர் பிழைக்க ஒரே இடம்தான் உண்டு: மட்டையாளரின் கால்விரல் நுனி. அந்த இடத்தில் ஆறு பந்தையும் போடத் தெரிந்தவரைத்தான் அடுத்த ஊர்க்காரர்கள் தேடி வருவார்கள். உலகம் பின்னால் வியந்த யார்க்கர், பயிற்சி நிலையத்துக்கு வரும் முன்பே சின்னப்பம்பட்டி மண்ணில் பிழைப்பின் தேவையாகப் பிறந்தது.

அதே ஊரைச் சேர்ந்த ஜெயப்பிரகாஷ் அவரைச் சென்னைக்கு அனுப்பி வழிகாட்டினார். 2015 ஜனவரியில் ரஞ்சிக் கோப்பையில் தமிழ்நாட்டுக்காக முதல் ஆட்டம். உடனே பந்து வீசும் முறைமேல் ஐயம் எழுந்தது. முறையைத் திருத்திக்கொண்டு மறுபடி வந்தார். 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீகின் முதல் பருவத்தில் திண்டுக்கல் குழுவுக்காக ஒரு சூப்பர் ஓவரில் ஆறு பந்தையும் யார்க்கராகப் போட்டார். 2017 ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையிலிருந்து பஞ்சாப் குழு அவரை 3 கோடிக்கு எடுத்தது. இது முதல் விலை. ஆறு ஆட்டம், இரண்டு விக்கெட், குழு விட்டுவிட்டது.

2018-இல் ஐதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்தது. இது இரண்டாவது விலை. இரண்டு ஆண்டு ஓர் ஆட்டமும் கொடுக்கவில்லை. ஆனால் விடவும் இல்லை. வலைப்பயிற்சியில் வைத்துக்கொண்டார்கள். 2020-இல் கடைசி ஓவர்கள் உன்னுடையவை என்று பந்தைக் கையில் கொடுத்தபோது, அந்தப் பருவத்தில் எவரையும்விட அதிகமான யார்க்கர்களைப் போட்டு 16 விக்கெட் எடுத்தார். நவம்பர் 6 அன்று டிவில்லியர்ஸின் நடு ஸ்டம்பைச் சாய்த்த பந்தை நாம் யாரும் மறக்க மாட்டோம். வலைப் பந்து வீச்சாளராக ஆஸ்திரேலியாவுக்குப் போனவர் டிசம்பரில் ஒருநாள் ஆட்டம், டி20, ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்ட் என்று ஒரே பயணத்தில் மூன்று வடிவங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார். அந்த டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் 78 ஓட்டத்துக்கு 3 விக்கெட். இவ்வளவும் 40 லட்சக்காரராக இருந்தபோது நடந்தவை.

பிறகு முழங்கால் அறுவைச் சிகிச்சை, கொரோனா என்று 2021 கழிந்தது. 2022 ஏலத்தில் அதே ஐதராபாத் 4 கோடி கொடுத்தது, மூன்றாவது விலை. 11 ஆட்டத்தில் 18 விக்கெட். 2024-இல் 19 விக்கெட். அதன் பிறகு வந்தது 10.75 கோடி, நான்காவது விலை. 2025 பருவத்தில் டெல்லி அவரை ஆட வைத்தது இரண்டே ஆட்டங்கள், விக்கெட் இல்லை.

உடல் தகுதி, ஆடுகளம், அணிச் சேர்க்கை என்று இதற்குக் காரணங்கள் பல சேர்ந்திருக்கும். ஏலத்தன்றே கண்ணுக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். டெல்லி அதே ஏலத்தில் ஸ்டார்க்கை 11.75 கோடிக்கும் முகேஷ் குமாரை 8 கோடிக்கும் எடுத்தது. மூன்று வேகப்பந்து வீச்சாளர்களுக்கு 30.5 கோடி, அதாவது கையிருப்பில் கால் பங்கு. ஸ்டார்க்கும் இடக்கை, நடராஜனும் இடக்கை. இருவரின் பலமும் கடைசி ஓவர் யார்க்கர். ஒரே வேலைக்கு இரண்டு பெரிய விலை கொடுத்தால் ஒருவர் வெளியே உட்கார்வதில் வியப்பில்லை. அப்படி உட்கார வைப்பது பணத்துக்கு மட்டும் இழப்பா? முப்பத்து மூன்று வயதுப் பந்து வீச்சாளர் ஒருவருக்கு எஞ்சியிருக்கும் ஆட்ட ஆண்டுகள் எத்தனை? அவற்றில் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு பயன்படுத்தாமல் விடுவது திறனுக்குச் செய்யும் அநீதி.

பந்து வீச்சாளர் வருண் சக்கரவர்த்திக்கும் இப்படி நேர்ந்தது. 2019-இல் 20 லட்சம் அடிப்படை விலைக்காரரை 8.4 கோடிக்கு எடுத்த பஞ்சாப் அவருக்குக் கொடுத்தது ஒரே ஓர் ஆட்டம். பாதிக்கும் குறைவான விலைக்கு, 4 கோடிக்கு, கொல்கத்தா எடுத்தது; அவர் பந்துக்கு ஏற்ற வேலையைக் கொடுத்தது. 2025 சாம்பியன்ஸ் கோப்பையில் நியூசிலாந்துக்கு எதிராக 42 ஓட்டத்துக்கு 5 விக்கெட் எடுத்த வருணை உருவாக்கியது அந்தப் பொறுமை.

ஐந்து விலைகள் என்று தலைப்பிட்டு நான்கைத்தான் சொன்னேன். ஐந்தாவதை உரையின் முடிவில் சொல்கிறேன்.

6. கையைத் தூக்கும் முன் கேட்க வேண்டியவை

இந்த அனுபவங்களிலிருந்து ஒரு குழு, அது ஐபிஎல் குழுவானாலும் ஊர்க்குழுவானாலும், விலை சொல்லும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பேன்.

இவர் செய்யும் வேலையைச் செய்ய வேறு ஆள் கிடைப்பாரா? தோனியின் மூன்று வேலைக்கு ஒருவர் கிடைக்கமாட்டார். அங்கே 30 விழுக்காடும் தகும். எளிதில் மாற்று கிடைக்கும் வேலைக்கு, கடந்த ஆண்டு நன்றாக ஆடினார் என்பதற்காக மட்டும் கொடுக்கும் தொகை பரிசாகுமே ஒழிய ஊதியம் ஆகாது.

இவர் காயம்பட்டால் குழுவில் எத்தனை பேர் எழுந்து நிற்பார்கள்? 2022-இன் தலைவாஸிடம் ஒரு நரேந்தர் இருந்தார். அவரைத் தேடிப் பிடித்தவருக்கும், வளர்த்த பயிற்சியாளருக்கும் கொடுக்கும் பணம்தான் உண்மையான காப்பீடு. கபடி போன்ற சிறு வரம்புள்ள ஆட்டங்களில் ஒருவருக்குப் பாதிக்கு மேல் போவது ஆபத்து என்பதை இரண்டு பருவங்கள் காட்டிவிட்டன.

இவருக்கு இன்ன வேலை என்று ஏலத்துக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறோமா? மூன்றில் இதையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். வேலை தெளிவாக இருந்தபோது 40 லட்ச நடராஜன் நாட்டுக்கே ஆடினார். வேலை தெளிவில்லாதபோது 10.75 கோடி நடராஜன் வெளியே உட்கார்ந்தார். இரண்டும் ஒரே கை, ஒரே யார்க்கர்.

இவற்றுக்கு நேர்மையான விடை இருக்குமானால் தயங்காமல் கொடுக்கட்டும். ஆட்டக்காரரின் உழைப்பு ஆண்டுகள் மிகக் குறைவு. ஒரு முழங்கால் பிசகினால் முடிந்துபோகும் தொழில் அது. அரங்கம் நிரம்புவதும், ஒளிபரப்பு உரிமை ஆயிரக்கணக்கான கோடிக்குப் போவதும் அவர்கள் உடம்பை வைத்துத்தான். அந்த வருவாயில் ஒரு பங்கு அவர்களுக்குப் போவதில் பொறாமைப்பட ஒன்றும் இல்லை.

7. நாற்றங்காலுக்குப் பங்கு

இப்போது ஐந்தாவது விலை. உலகக் கால்பந்தில் ஃபிஃபா அமைப்பு 2001 முதல் ஒரு விதியை நடைமுறையில் வைத்திருக்கிறது. ஒப்பந்தக் காலத்துக்குள் ஓர் ஆட்டக்காரர் ஒரு கிளப்பிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப்புக்கு விலைக்குப் போனால், அந்த விலையில் 5 விழுக்காடு அவர் இளம்பருவத்தில், 12 முதல் 23 வயது வரை, ஆடிப் பழகிய கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட வேண்டும். எங்கோ ஒரு சிற்றூர்க் கிளப்பு, தான் வளர்த்த பையன் பெரிய விலைக்குப் போகும்போது, அந்தப் பணத்தில் புல்தரை போடுகிறது, அடுத்த பையன்களுக்குக் காலணி வாங்குகிறது.

நம் கிரிக்கெட்டில் ஏலத் தொகையிலிருந்து ஊர்க்குழுவுக்குப் போகும் இப்படிப்பட்ட பங்கு வகுக்கப்படவில்லை. நடராஜனின் விலையில் ஒரு பங்கு சின்னப்பம்பட்டியின் டென்னிஸ் பந்து மைதானத்துக்குத் தானாக வரவில்லை. அவரே கொடுத்தார். தன் ஊரிலேயே பயிற்சி நிலையம் தொடங்கி, சொந்த முயற்சியில் ஆடுகளம் அமைத்தார்; 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் வந்து திறந்து வைத்தார். அதே பக்கத்திலிருந்து வந்த பெரியசாமி 2019 தமிழ்நாடு பிரீமியர் லீக் இறுதி ஆட்டத்தில் ஐந்து விக்கெட் எடுத்துச் சேப்பாக்கம் குழுவுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். ஒரு மனிதரின் நல்ல மனம் இவ்வளவு செய்யுமானால், ஒரு விதி எவ்வளவு செய்யும்! 10.75 கோடியில் 5 விழுக்காடு என்றால் 53.75 லட்சம். ஒரு சிற்றூர் ஆடுகளத்துக்கு அது சிறிய தொகையா? நடராஜனின் ஐந்தாவது விலை என்று நான் சொன்னது இதைத்தான்: ஊருக்குச் சேர வேண்டியும் சேராமல் நிற்கும் அந்தப் பங்கு.

ஆகவே என் வேண்டுகோள் மூன்று. குழுக்கள் ஏலத்தில் கொடுக்கும் தொகையோடு, வரம்புக்கு வெளியே, 5 விழுக்காட்டை ஆட்டக்காரர் முதலில் ஆடிய ஊர்க்குழுவுக்கோ பள்ளிக்கோ கொடுக்கும்படி கிரிக்கெட் வாரியம் விதி செய்ய வேண்டும். கபடி லீகும் அதைப் பின்பற்ற வேண்டும். வாழப்பாடியில் 2020 முதல் நல்ல ஆடுகளம் இருக்கிறது. அங்கே நடக்கும் மாநில லீக் ஆட்டங்களின் வருவாயில் ஒரு பகுதி சேலம், நாமக்கல் சிற்றூர்க் குழுக்களுக்கென்று ஒதுக்கப்பட வேண்டும். நாமக்கல்லின் கோழிப்பண்ணை, லாரித் தொழில் அதிபர்களும், திருச்செங்கோட்டு ரிக் வண்டி உரிமையாளர்களும், பொங்கல் கபடிக்கு வெளியூர் நட்சத்திரத்தை அழைக்கச் செலவிடும் தொகையில் பாதியையாவது உள்ளூர்ப் பிள்ளைகளின் பாய்க்கும் பயிற்சியாளருக்கும் ஒதுக்க வேண்டும்.

மாணவர்களே, உங்களில் சிலர் நாளை குழு நடத்துவீர்கள், சிலர் தொழில் நடத்துவீர்கள். ஓர் அரிய திறனைக் கண்டால் விலை பேசித் தயங்காதீர்கள், கொடுங்கள். கொடுத்த அன்றே அவருக்குரிய வேலையைக் கையில் கொடுங்கள், அவருக்குத் துணை நிற்பவர்களின் பங்கில் கை வைக்காதீர்கள், அவரை ஆளாக்கியவர்களின் பங்கை எடுத்து வையுங்கள். இவ்வளவும் செய்கிற குழு எத்தனை கோடி கொடுத்தாலும் அது செலவில் சேராது, முதலீட்டில் சேரும்.